அவையை அறிந்தால் அச்சம் விலகும்

1941ஆம் ஆண்டு. மலாயாவின் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் அவர்களுக்கு முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது என்று நீண்ட அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இரண்டைப் படிக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது. ஒன்று, தோட்டத்துத் துரையோ எழுத்தரான கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமை. மற்றொன்று, பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும். அந்த மே மாதம் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1936 இறுதியில், வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்திருந்தார். ஆங்கில மேடைப் பேச்சுக்காக உலகம் அறிந்த நாவலர். அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். தோட்டத் தொழிலாளர்களின் நிலையை நேரில் பார்த்து அறிக்கை தர இந்திய அரசு அவரை அனுப்பியிருந்தது. 1937இல் வெளியான அவரது அறிக்கை, குறைக்கப்பட்டிருந்த கூலியைப் பழைய அளவுக்கு உயர்த்தச் சொன்னது. ஆனாலும் தோட்டத்து மக்களின் உண்மையான துயரம் அதில் முழுமையாக இடம்பெறவில்லை என்று இங்கிருந்த இந்தியத் தலைவர்கள் பலர் மனம் நொந்தார்கள். நாவன்மை மிக்க ஒருவர் நமக்காகப் பேசினார். நான்கைந்து ஆண்டுகளில், மேடையே ஏறியிராத பால்மரத் தொழிலாளர்கள் தங்களுக்காகத் தாங்களே பேச எழுந்தார்கள். ஆட்சி அஞ்சியது இவர்களுடைய பேச்சுக்குத்தான்.

கல்லூரியில் சொல்லித்தரப்படும் மேடைப்பேச்சுப் பாடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இந்த வரலாற்றிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கின் கல்லூரிகளில் அமெரிக்கப் பட்டப்படிப்புக்கு மாறிச் செல்லும் மாணவர்களும் தொடர்புத்துறை மாணவர்களும் ‘பப்ளிக் ஸ்பீக்கிங்’ என்ற பாடத்தைப் படிக்கிறார்கள். “எல்லாருந்தான் பேசுகிறோம், அதற்கு ஒரு பாடமா? கட்டணம் வேறா?” என்று கேட்கும் பெற்றோர் உண்டு. மதிப்பெண் சுலபமாகக் கிடைக்கும் என்று சேரும் மாணவர்களும் உண்டு. இந்தப் பாடத்தை நடத்தியும், தமிழ்ப் போட்டிகளுக்கு நடுவராகப் போய் வந்தும் நான் அடைந்த முடிவு வேறு. தன் தேவையைத் தன் சொல்லில், அதை நிறைவேற்றித் தரக்கூடியவர் முன் நின்று, அவர் மனம் கொள்ளும்படி சொல்லக் கற்பதே இந்தப் பாடம். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைவிட அவசியமான பாடங்கள் சிலவே. அதை நாம் தமிழில் கற்பிக்கத் தவறிவருகிறோம் என்பதே என் ஆதங்கம்.

நடுக்கம் குறையல்ல

முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து வந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். சற்று முன்புவரை சிற்றுண்டிச்சாலையில் ஓயாமல் பேசிச் சிரித்த மாணவன், முன்னால் வந்து திரும்பியதும் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். கையில் இருக்கும் குறிப்புத்தாள் ஆடுகிறது. பார்வை தரையிலோ பின்சுவரிலோ நிலைத்துவிடுகிறது. பலர் தம்மைப் பார்க்கும் நிலையை உடல் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது; அட்ரினலின் சுரந்து இதயம் விரைகிறது, வாய் உலர்கிறது. எத்தனை ஆண்டு பேசிப் பழகியவருக்கும் இது முற்றிலும் நிற்பதில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள விவேகானந்தா ஆசிரமம் இலங்கைத் தமிழர்கள் 1904இல் தொடங்கிய நிறுவனம். அதன் முன் சுவாமி விவேகானந்தரின் சிலை நிமிர்ந்து நிற்கிறது. 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் அவர் ஆற்றிய முதல் உரையைப் பற்றி நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அந்த உரைக்கு முன் அவர் பட்ட பாட்டை அறிந்தவர்கள் குறைவு. சென்னையிலிருந்து தம்மை அனுப்பிவைக்கப் பாடுபட்ட அளசிங்கப் பெருமாளுக்கு அந்த நவம்பரில் எழுதிய கடிதத்தில் அதை அவரே விவரிக்கிறார். நெஞ்சு படபடத்தது, நாக்கு வறண்டது, காலை அமர்வில் பேசத் துணிவே வரவில்லை, மற்றவர்களைப்போல் உரையைத் தயாரித்துக்கொண்டும் போகவில்லை என்கிறார். பிற்பகலில் எழுந்து அவர் பேசியது சில நிமிடங்களே. சிலையின் கம்பீரத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் கடிதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் இந்தப் பாடம் சொல்லித்தருகிறது. நம் நடுக்கம் எதிரில் இருப்பவர்களுக்கு அப்பட்டமாகத் தெரிகிறது என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவாகவே தெரிகிறது. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதை நிறுவியது. இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பேசுபவர்கள் இன்னும் நன்றாகப் பேசுகிறார்கள் என்றும் அதே ஆய்வு கண்டது. ஒரு மாணவன் பேசி முடித்து, “கை நடுங்கியதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள்” என்று சொல்லும்போது, வகுப்பே “இல்லையே!” என்று பதில் சொல்லும். எத்தனை அறிவுரை சொன்னாலும் வராத தெம்பு அந்த ஒரு சொல்லில் அவனுக்கு வந்துவிடும்.

முதலில் எதிரில் இருப்பவர்

திருக்குறளின் அதிகார வைப்பைக் கவனியுங்கள். 72ஆம் அதிகாரம் அவை அறிதல். 73ஆம் அதிகாரம் அவை அஞ்சாமை. அறிதலை முன்னால் வைத்து, அஞ்சாமையை அடுத்து வைத்திருப்பதில் ஓர் ஆசிரியரின் அனுபவம் தெரிகிறது. எதிரில் இருப்பவர்கள் யார், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எதில் ஐயம், எதில் ஆர்வம் என்று அறிந்தவனுக்குப் பாதி பயம் போய்விடும். அவையை அறியாமல் வந்த துணிவு வெறும் சத்தமாகவே முடியும். கல்லூரிப் பாடமும் இதே வரிசையில்தான் போகிறது.

கிள்ளானிலிருந்து வந்த ஒரு மாணவி, இணங்கவைக்கும் பேச்சுக்கு இரத்த தானத்தை எடுத்துக்கொண்டார். முதல் வரைவில் இரத்த வகைகள், அவற்றைக் கண்டுபிடித்த வரலாறு, தானத்தின் பெருமை எல்லாம் இருந்தன. கேட்கவும் நன்றாகவே இருந்தது. “இதைக் கேட்டபின் இந்த வகுப்பில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் முழுவதும் அவர் வகுப்புத் தோழர்களிடம் தனித்தனியாகப் பேசினார். ஊசியென்றால் பயம் என்றார் ஒருவர். மயக்கம் வருமோ என்றார் இன்னொருவர். பலர் சொன்னது ஒன்றுதான்: “யாரும் என்னைக் கேட்டதில்லை.”

இரண்டாம் முறை அவர் பேசியபோது வரலாறு எதுவும் இல்லை. ஊசி எவ்வளவு நேரம் கையில் இருக்கும், போகும் முன் என்ன சாப்பிட வேண்டும், 18 வயதும் 45 கிலோ எடையும் இருந்தால் பெரும்பாலோர் கொடுக்கலாம் என்று வகுப்பில் எழுந்த பயங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். கல்லூரி வளாகத்திலேயே வரவிருந்த இரத்த தான முகாமின் நாளையும் நேரத்தையும் சொன்னார். “உங்களைத்தான் கேட்கிறேன்” என்று சொல்லி ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். மலாய், சீன, இந்திய மாணவர்கள் சிலர் அதில் பெயர் எழுதினார்கள். குரலும் சொல்வளமும் முதல் முறை இருந்தவைதாம். தன் எதிரில் யார் இருக்கிறார்கள் என்பதை இப்போது அவர் அறிந்திருந்தார்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் மன்றோ 1930களில் இணங்கவைக்கும் பேச்சுக்கு ஐந்து படிகளை வகுத்தார். கவனத்தை ஈர்த்தல், குறையைக் காட்டுதல், அதற்கு வழி சொல்லுதல், அந்த வழியில் போனால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கண்முன் நிறுத்துதல், கடைசியாக இப்போதே செய்ய வேண்டியதைக் கேட்டல். கல்லூரிப் பாடநூல்கள் இன்றும் இதைச் சொல்லித்தருகின்றன. இதற்கு நம் மண்ணிலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு.

பிரிக்பீல்ட்ஸின் நடுவே ஓடும் சாலைக்கு அரசியல் தலைவர் வீ.தி.சம்பந்தனின் பெயர். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அந்நிய முதலாளிகள் பெருந்தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கினார்கள். தோட்டம் கைமாறியபோது தொழிலாளிக்கு வேலையும் போனது, குடியிருந்த லயமும் போனது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் அந்தத் தொழிலாளர்களிடமே பேசினார். விற்கப்படும் தோட்டத்தை நாமே சேர்ந்து வாங்கலாம் என்றார். அவர் கேட்டது பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கும் பங்குப் பணம். அப்படி 1960இல் உருவானதுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அதன் முதல் சொத்து. அன்றாடக் கூலியிலிருந்து பத்து வெள்ளியை எடுத்துக் கொடுப்பது எவ்வளவு பெரிய முடிவு என்பது அந்த லயத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்குத் தெரியும். கேட்பவரின் அச்சம் எது, அவரால் செய்யக்கூடியது எது என்று அறிந்து பேசியதால் அது கைகூடியது.

கேட்பவரும் பேச்சில் பாதி

இந்தப் பாடத்தில் ஒரு மாணவன் தான் பேசும் நேரம் மொத்தத்தில் மிகக் குறைவு. மற்ற நேரமெல்லாம் அவன் கேட்கிறான். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. எது புரிந்தது, எங்கே கவனம் சிதறியது, எந்தச் சான்று நம்பும்படி இல்லை என்று பேசியவரிடம் முகத்துக்கு நேரே, அவர் மனம் புண்படாமல் சொல்ல வேண்டும். இதற்குப் பேசுவதைவிட அதிகப் பயிற்சி தேவை. தமக்குப் பிடிக்காத கருத்தைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்கவும், கேட்டதைச் சிதைக்காமல் திருப்பிச் சொல்லவும் பல பிள்ளைகள் முதன்முதலாக இங்கேதான் பழகுகிறார்கள்.

1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய விடுதலைக்கு ஆதரவு கேட்டுக் கோலாலம்பூரில் பேசியபோது கூட்டத்தில் பதின்வயதுப் பெண் ஒருவர் நின்றிருந்தார். ஜானகி தேவர். வசதியான குடும்பத்துப் பெண். அந்தப் பேச்சைக் கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். அவர் அமைத்த பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பனாக மலேசிய நாடாளுமன்ற மேலவையில் அமர்ந்தார். 2000இல் இந்தியாவின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார். போஸின் பேச்சுத்திறனைப் போற்றும்போது, கேட்டதைச் செயலாக்கிய அந்தப் பெண்ணின் திறனையும் சேர்த்துப் போற்ற வேண்டும். நல்ல கேட்பவர்கள் இல்லாத ஊரில் நல்ல பேச்சு விளையாது.

மூன்று மொழி, மூன்று மேடை

நம் பிள்ளைகளின் நிலை தனித்தன்மை கொண்டது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை தமிழில் பேசிப் பழகிய பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கு மாறுகிறது. கல்லூரியில் ஆங்கிலம். ஒவ்வொரு மாற்றத்திலும் அது மீண்டும் தொடக்கநிலைக்குத் தள்ளப்படுகிறது. பதினோரு வயதில் மேடையில் முழங்கிய பிள்ளை, பதின்மூன்று வயதில் வகுப்பில் கை தூக்கவே தயங்குகிறது. உச்சரிப்பைக் கேட்டு யாராவது சிரிப்பார்களோ என்ற பயம் அதன் வாயைக் கட்டிவிடுகிறது.

கல்வி அமைப்பு பேச்சுக்குத் தரும் இடமோ கூடிக்கொண்டே போகிறது. 1999இல் அறிமுகமான மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான மூயெட்டில் பேச்சுப் பகுதிக்கு முன்பு 15 விழுக்காடுதான். 2021இல் வந்த புதிய அமைப்பில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் சமமாக 25 விழுக்காடு. மாணவர் முதலில் தனியாகப் பேச வேண்டும். பிறகு குழுவில் கலந்துரையாட வேண்டும். மனப்பாடம் அங்கே உதவாது. வேலைக்கான நேர்காணலிலும் உதவாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டு நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பழுதான மின்தூக்கியைப் பற்றிக் கேள்வி எழுப்பும்போதும், மருத்துவமனையில் அம்மாவின் நோயைப் பற்றி மருத்துவரிடம் விளக்கம் கேட்கும்போதும் உதவாது.

கல்லூரிப் பாடம் இந்தக் குறையை ஓரளவு போக்குகிறது, ஆங்கிலத்தில். அதைப் படித்து முடித்த இளைஞர், நிறுவனக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசுகிறார். அதே இளைஞரைத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலோ கோயில் ஆண்டுக் கூட்டத்திலோ எழுப்பிவிட்டால், சிறுவயதில் மனப்பாடம் செய்த அடுக்குமொழி ஒன்றே அவரிடம் இருக்கிறது. கணக்கில் ஒரு செலவு புரியவில்லை என்பதை யாரையும் அவமதிக்காமல் தமிழில் கேட்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் பேசாமல் இருந்துவிடுகிறார், அல்லது சண்டை போடுகிறார்.

போட்டியைப் பாடமாக்குவோம்

நம் பேச்சுப் போட்டி ஒன்றை நினைத்துப் பாருங்கள். “மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, நீதி வழுவா நடுவர்களே, மணிக்காப்பாளர் அவர்களே, ஆசிரியர் பெருமக்களே” என்று தொடங்கி, ஒரே மூச்சில் ஐந்து நிமிடம். எங்கே கை உயர வேண்டும், எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. எழுதித் தந்தவர் ஆசிரியர். மனப்பாடம் செய்ய வைத்தவர் தாய். நடுவில் ஒரு சொல் மறந்தால் பிள்ளை மேலே பார்க்கிறது, உதடு துடிக்கிறது, அழுதுகொண்டே இறங்குகிறது. சொந்தச் சொல்லில் தொடர அதற்குத் தெரியவில்லை. நடுவரின் தாளில் உச்சரிப்பு, தொனி, பாவனை, கருத்து, மொழிவளம் என்று கட்டங்கள் இருக்கின்றன. எதிரில் இருந்தவர்களுக்குப் புரிந்ததா, பேச்சு பிள்ளையின் சொந்தமா என்று கேட்கும் கட்டம் இல்லை.

இந்தப் போட்டிகளை நான் குறைத்துப் பேசவில்லை. தமிழ் ஒலியை, ழகர லகர வேறுபாட்டை, நீண்ட வாக்கியத்தை மூச்சுத் திணறாமல் சொல்லும் பழக்கத்தை அவைதாம் தந்தன. இதற்காகப் பள்ளி நேரம் முடிந்தும் உழைக்கும் ஆசிரியர்கள் வணக்கத்துக்குரியவர்கள். 1950களில் ‘தமிழ் முரசு’ நாளிதழ் வளர்த்த மாணவர் மணிமன்றமும், அதன் வழிவந்த இளைஞர் மணிமன்றங்களும் ஒரு தலைமுறையையே எழுதவும் பேசவும் வைத்தன. அந்த அடித்தளம் இருப்பதால்தான் அடுத்த படியைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

அடுத்த படி கடினமானதல்ல. தலைப்பைப் போட்டி நாளன்று அரைமணி நேரம் முன்பு கொடுங்கள். பிள்ளை தானே ஒரு சிறு அட்டையில் குறிப்பெடுக்கட்டும். பேசி முடித்ததும் நடுவர் இரண்டு கேள்வி கேட்கட்டும். பதிலுக்கும் மதிப்பெண் போகட்டும். தலைப்பு பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து வரட்டும். கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைத்தெருவில் தீபாவளி நெரிசலை எப்படிக் குறைக்கலாம், பள்ளி நூலகத்துக்கு என்னென்ன புத்தகம் வாங்க வேண்டும், தாத்தாவின் தோட்டத்து வேலையைப் பற்றி அவரிடமே கேட்டு அறிந்தது என்ன? இப்படிப்பட்ட தலைப்புக்கு மனப்பாடம் உதவாது. பிள்ளை நான்கு பேரிடம் போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பல்கலைக்கழக, கல்லூரித் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சொற்போர் நடத்துகிறீர்கள், நடத்துங்கள். அதோடு வாரந்தோறும் கூடும் பேச்சு மன்றம் ஒன்றையும் தொடங்குங்கள். 1924இல் கலிபோர்னியாவின் சாந்தா ஆனாவில் ரால்ப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களின் முறை எளிது. தயாரித்த பேச்சு சில, தயாரிப்பில்லாத பேச்சு சில, ஒவ்வொரு பேச்சாளருக்கும் ஒரு மதிப்பீட்டாளர், நேரம் பார்க்க ஒருவர், ‘ஆ… வந்து…’ என்ற இழுவைகளை எண்ணிச் சொல்ல ஒருவர். 2014இல் அந்த அமைப்பின் உலக மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது; இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி இங்கேதான் உலகப் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு வென்ற சவூதி அரேபியாவின் முகம்மது கஹ்தானி, சிறுவயதில் கடுமையாகத் திக்கியவர். சொல்லவே வராமல் தவித்த ஒருவரை இந்த முறை உலக மேடைவரை கொண்டுவந்தது. அதே முறையைத் தமிழில் நடத்தத் தடை ஏதுமில்லை.

பெற்றோரும் ஆசிரியர்களும் கோயில் நிர்வாகங்களும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். இந்த ஆண்டு நீங்கள் நடத்தும் போட்டிகளில் ஒன்றையாவது எழுதித் தராத பேச்சாக நடத்துங்கள். பிள்ளைகள் திணறுவார்கள், வாக்கியம் உடையும், பரிசளிப்பு விழாவில் காட்ட அழகான காணொளி கிடைக்காமல் போகலாம். அதற்குத் தயாராகவே நடத்துங்கள். கல்லூரியில் இந்தப் பாடம் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முடித்தபின் உங்கள் பழைய தமிழ்ப்பள்ளிக்குப் போய், கற்றதை மாதம் ஒரு சனிக்கிழமை தமிழில் சொல்லிக்கொடுங்கள். நமக்காகப் பேச இன்னொருவர் வருவார் என்று எதிர்பார்ப்பதைவிட, தன் குறையைத் தானே தெளிவாகச் சொல்லத் தெரிந்த பத்துப் பிள்ளைகளை ஒவ்வொரு பள்ளியும் உருவாக்குவது இந்தச் சமூகத்துக்கு அதிக நன்மை தரும்.